மருமகன் மலையேறப் போறாரு

மருமகனே, ஒங்கம்மா போன்ல விஷயத்தச் சொன்னா. ஆபிசுக் கூட்டாளிங்களோட சிவனொளிபாதமலைக்கு வரப் போறியாம். அப்படியே நுவரெலியா, ஹோட்டன் சமவெளின்னு ஒரு சுத்தாம். அதுக்காக வாத்து எறகு அடச்ச செவப்பு ஜாக்கெட்டு ஒண்ணு வாங்கி, வெள்ளவத்தையில காத்தாடிக்குக் கீழ நின்னு போட்டுப் பாத்து, படமும் எடுத்து அனுப்பியிருக்க. பாத்தேன். நல்லா இருக்கு. நெத்தியில வேர்வை ஊத்துறதுகூட தெளிவாத் தெரியுது.

தாய்மாமன்னு ஒருத்தன் மஸ்கெலியாவுல பொறந்ததுலருந்து நனஞ்சுக்கிட்டே கெடக்கான், அவன்கிட்ட ஒரு வார்த்த கேப்போம்னு ஒனக்குத் தோணல. பரவால்ல. யூடியூப்ல வெள்ளக்காரன் சொல்லியிருப்பான். அவன் சொன்னது அவன் ஊருக்குச் சரி. அங்க வானத்துலருந்து விழுறது காஞ்ச பனி, தோள்ல தட்டினா உதுந்துரும். இங்க விழுறது தண்ணி மாப்ள. தட்டினா உள்ள போகும்.

ஒன் வாத்துக் கதைக்கு வர்றேன். எறகு சூடு தர்றதில்ல. எறகுக்கு நடுவுல அடஞ்சு நிக்கிற காத்துதான் ஒன் ஒடம்புச் சூட்ட வெளிய விடாம மறிச்சு வைக்குது. ஈரம் ஏறினா எறகெல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும், காத்துக்கு எடமிருக்காது. மழையில மாட்டுன கோழியப் பாத்திருப்பயே, அந்தக் கோலத்துலதான் நீ உச்சியில நிப்ப. கோழிக்காவது எறகு அதோட சொந்த எறகு, காசு குடுத்து வாங்கல.

படிச்ச புள்ள நீ, கணக்கப் போட்டுப் பாரு. 1,000 மீற்றர் ஏறினா ஏறத்தாழ 6.5 டிகிரி கொறையும். மல 2,243 மீற்றர். கொழும்புல ராத்திரி 22 டிகிரின்னு வச்சுக்க, உச்சியில மிச்சம் 8 இருந்தா பெரிசு. காத்து அடிச்சா அதுவும் ஒன் கணக்குல நிக்காது. 8 டிகிரி என்ன பெரிய குளிரான்னு கனடாவுல இருக்குற ஒங்க சித்தப்பா சிரிப்பாரு. அவரு காஞ்ச உடுப்புல நிப்பாரு. நீ ஈர உடுப்புல நிப்ப. தண்ணி காத்த விட இருபது மடங்குக்கு மேல வேகமாச் சூட்ட உறிஞ்சும். ஜனவரி, பெப்ரவரியில மேகமில்லாத ராத்திரி விடிஞ்சா அம்பேவல, பட்டிப்பொலைப் பக்கம் புல்லெல்லாம் வெள்ளையாக் கெடக்கும், கொழுந்து கருகிரும், பேப்பர்க்காரன் படம் புடிச்சுப் போடுவான். அதப் பாத்து எல்லாரும் பயப்புடுறாங்க. அந்தக் குளிர் நாணயமான குளிர். காஞ்சது, வெயில் வந்தாப் போயிரும். பயப்புட வேண்டியது தூத்தலும் காத்தும் சேந்து அடிக்கிற 10 டிகிரிக்குத்தான். அத எவனும் படம் புடிக்கிறதில்ல.

ஜீன்ஸ் போட்டுக்கிட்டு வர்றேன்னு ஒரு முடிவு வச்சிருப்ப, எனக்குத் தெரியும். போட்டுக்க. முழங்கால்வரைக்கும் நனஞ்ச ஒடனே ரெண்டு காலுக்கும் தனித்தனியா சாமான் கட்டி விட்டாப்புல ஆகும். பருத்தி கொழும்பு வெயிலுக்கு ராசா. வேர்வையக் குடிச்சு ஒடம்பக் குளுத்தி வைக்கும். அதே குணத்த இங்கயும் காட்டும். இங்க அது காயவும் காயாது. எங்க லயத்துல எல்லாருடைய உடுப்புலயும் அடுப்புப் புகை மணக்கும், கவனிச்சிருக்கியா? வெயில்ல காயிற உடுப்பு இல்ல அது. அடுப்புக்கு மேல கட்டின கொடியில காயிற உடுப்பு. ஒன் ஜீன்ஸக் கொண்டாந்து போட்டீன்னா ஒங்கத்த அடுத்த போயாவுக்குக் காய வச்சுத் தருவா.

இப்ப மலைக்கு வா. மார்கழிப் போயாவுலருந்து வெசாக் போயா வரைக்கும்தான் சீசன். அதுக்கப்புறம் தென்மேல் மழ எங்க பக்கம் வந்து குடியேறிரும், படியில லைட்டும் இருக்காது, தேத்தண்ணிக் கடையும் இருக்காது. அப்ப வர்றேன்னு மட்டும் சொல்லாத. சீசன்ல சூரியன் எழும்புறதப் பாக்கணும்னு ராத்திரி 1 மணி, 2 மணிக்கு நல்லதண்ணியிலருந்து சனம் ஏறும். 5,000 படிக்கு மேல. கொழும்புலருந்து வர்ற தம்பிமார் பஸ்ஸ விட்டு எறங்குன ஒடனே, “ஐயோ குளிருது”ன்னு பையில இருக்குற அத்தனையையும் மாட்டிக்குவாங்க. சீத்தகங்குல தாண்டி ஏத்தம் தொடங்குனா வேர்க்கும். ஜாக்கெட்டக் கழட்டினா கையில சுமக்கணும், படத்துல விழாது, அதனால கழட்ட மாட்டாங்க. உள்ள இருக்குற பெனியன் புழிஞ்சா ஒரு கிளாஸ் தண்ணி வரும்.

அப்புறம் உச்சி. அங்க எடம் கொஞ்சம். விடியிறதுக்கு நேரம் கெடக்கும், நின்னாத்தான் உண்டு. சனம் சுவத்தோரமா ஒண்டிக்கிட்டு நிக்கும். லைட்டு வெளிச்சத்துல பாரு, ஒவ்வொருத்தன் தோள்லருந்தும் ஆவி கெளம்பும். பாக்க அழகா இருக்கும். அந்த ஆவி ஒன் ஒடம்புச் சூடுதான் மாப்ள, கண்ணு முன்னாடியே கெளம்பிப் போகுது.

அதனால கீழ நிக்கும்போது கொஞ்சம் குளிரட்டும். நடக்கத் தொடங்குறப்ப லேசா நடுங்குனா உடுப்பு சரியா இருக்குன்னு அர்த்தம். பெனியன் பாலியெஸ்டர்ல இருக்கட்டும், பந்து வெளையாடுற புள்ளைங்க போடுறது போதும், அது தண்ணியக் குடிச்சு வச்சுக்காது. இன்னொரு காஞ்ச பெனியன், ஒரு சோடி மேஸ், ஒரு கம்பளி ஜம்பர், மூணையும் சிலிசிலி பேக்குல சுத்தி முடிச்சுப் போட்டு பைக்குள்ள வை. பை மழைக்குத் தாங்கும்னு கடைக்காரன் சத்தியம் பண்ணியிருப்பான். அவன் மலைக்கு வர்றதில்ல. உச்சிக்குப் போன ஒடனே, ஆவி கெளம்புறதுக்கு முன்னாடி, ஈர பெனியனக் கழட்டி காஞ்சத மாத்து. நாலு பேரு பாப்பாங்கன்னு வெக்கப்படாத, அவங்க எல்லாரும் நடுங்கிக்கிட்டு இருப்பாங்க, ஒன் நெஞ்சப் பாக்க யாருக்கும் நேரமில்ல. பாதத்தக் கும்பிடப் போகயில சப்பாத்தக் கழட்டணும், தரை ஈரமா ஐஸாக் கெடக்கும். காஞ்ச மேஸ் அதுக்கப்புறம் போட. முன்னாடியே மாத்திட்டு முழிக்காத. அங்க ஒரு மணி இருக்கு. எத்தன தடவ மல ஏறினியோ அத்தன தடவ அடிக்கணும். ஒனக்கு ஒண்ணுதான். கை வெறைக்குதுன்னு சூடேத்த நாலஞ்சு தடவ அடிச்சிராத, சாமி கணக்கு வச்சிருக்கும்.

கம்பளி ஜம்பர்னு சொன்னேன். ஆட்டு மயிர்ல ஒரு வித்தை இருக்கு. தன் எடையில மூணுல ஒரு பங்கு ஈரத்த உள்ள இழுத்துக்கிட்டும், தொட்டா ஈரம்னு தெரியாத மாதிரி நடிக்கும், சூட்டயும் முழுசா விட்டுராது. இந்த வித்தைய நம்ம பாட்டன் பூட்டனுக்குத் தோட்டக்காரங்க நல்லாவே அறிமுகப்படுத்துனாங்க. திருச்சி, புதுக்கோட்டை, சேலம்னு வெயில்ல வெந்த சனம், மன்னார்ல எறங்கிக் காட்டு வழியா நடந்து வந்து, இந்தக் குளிர்ல ஏறினாங்க. வந்து சேந்தா ஆளுக்கொரு கம்பளி குடுப்பாங்க. குடுப்பாங்கன்னு நான் சொல்றது மரியாதைக்கு. அதோட காசப் பேர்ல எழுதி சம்பளத்துல கழிச்சிருவாங்க. பகல்ல மழைக்கு அதுதான் கொங்காணி, ராத்திரி அதுதான் போர்வை, செத்தா மூடுறதுக்கும் அதுதான். ஒன் ஜாக்கெட்டுக்கு நீ கார்டுல மாசாமாசம் கட்டுறயாமே? பரம்பரைப் பழக்கம் விட்டுப் போகல.

தொரமாருங்க அப்ப என்ன போட்டாங்கன்னு கேக்கலாம். 1867ல லூல்கந்துரவுல தேயிலைத் தோட்டம் போட்ட ஜேம்ஸ் டெய்லர் ஸ்கொட்லாந்துக்காரரு. அவரு மாதிரி நெறைய பேரு அந்த ஊருதான். அவங்க ஊரு சார்ல்ஸ் மெக்கின்டோஷ்தான் 1823ல ரெண்டு துணிக்கு நடுவுல ரப்பர ஒட்டி மழக் கோட்டு செஞ்சாரு. சொட்டுத் தண்ணி உள்ள வராது. உள்ள இருக்குற வேர்வையும் சொட்டுகூட வெளிய போகாது. குதிரையில உக்காந்து போறவனுக்கு அது நல்ல கோட்டு. ஏறுறவனுக்கு, வெளிய நனையிறதுக்குப் பதிலா உள்ளருந்து நனைய ஒரு ஏற்பாடு. இதத் தீக்கத்தான் அமெரிக்காவுல ரொபர்ட் கோர்னு ஒருத்தரு 1969ல ஒரு படலத்தக் கண்டுபுடிச்சாரு. மழைத் துளி நொழைய முடியாத பொடி ஓட்டை, வேர்வை ஆவி மட்டும் வெளிய போகும். கெட்டிக்காரத்தனம்தான். ஆனா மூடுபனி மூக்கத் தொடுற எடத்துல, வெளிக்காத்தே ஈரத்துல ஊறிக் கெடக்கும்போது, உள்ள இருக்குற ஆவி எங்க போகும்? பாதி உள்ளயே தங்கிரும். அதனால வெல கூடுன கோட்டு போட்டவனும் கக்கத்துல ஒரு ஜிப்பத் தொறந்து வச்சுக்கிட்டுத்தான் ஏறுறான்.

ஒங்கத்தையப் பாரு. காலையில கொழுந்து பறிக்கப் பெரட்டுக்குப் போறப்ப உள்ள சட்டை, சேல, அதுக்கு மேல என்னோட பழைய ஜம்பர். இடுப்புலருந்து கீழ படங்கு, செடியில நிக்கிற தண்ணி தொடையில ஏறாம இருக்க. தலையிலருந்து முதுகு வரைக்கும் மடிச்ச பொலித்தீன், அதுக்கு மேல கூடைக் கயிறு. உள்ள ஒண்ணு, நடுவுல சூட்டுக்கு ஒண்ணு, வெளிய மழைக்கும் காத்துக்கும் ஒண்ணு. இதத்தான் ஒன் யூடியூப் வெள்ளக்காரன் மூணு அடுக்குன்னு பலகை போட்டு வெளக்குறான். ஆனா இதப் பாத்து, “ஆகா, நம்ம சனத்தோட பாரம்பரிய அறிவு”ன்னு எங்கயும் எழுதிராத. அவ கிட்ட வேற இல்ல, அதனால அது. பத்து மணிக்கெல்லாம் முழங்கை வரைக்கும் நனஞ்சுதான் நிப்பா. ஒன்னோட கோட்டு அவளுக்குக் கெடச்சா பொலித்தீன அன்னைக்கே அடுப்புல போட்டுருவா.

கூட்டாளிங்க ஒரு போத்தல் கொண்டு வருவாங்க, குளிருக்குன்னு சொல்லுவாங்க. சாராயம் உள்ள போனா தோல்ல இருக்குற ரத்தக் குழாய் விரியும், கன்னம் சூடாகும், சந்தோசமா இருக்கும். உள்ள இருந்த சூடெல்லாம் தோலுக்கு வந்து வெளிய போயிரும். போதாததுக்கு அது புண்ணிய மல. கொண்டு வர்ற போத்தல எறங்கி வந்தப்புறம் என்கிட்டக் குடுத்து வைங்க, நான் பாத்துக்கிறேன். ஏறும்போது சாயத்தண்ணியும் ஒரு கடி கித்துல் கருப்பட்டியும் போதும். ஒருத்தன் நடுங்குனா நல்லது, ஒடம்பு இன்னும் சண்ட போடுது. பேச்சுக் கொழறி, கால் தடுமாறி, திடீர்னு நடுக்கம் நின்னு, “எனக்கு ஒண்ணுமில்ல மச்சான்”னு சொன்னாத்தான் பயப்புடணும். சிரிக்காம அவன் ஈர உடுப்பக் கழட்டி, காஞ்சத மாட்டி, ரெண்டு பேரு ஒட்டி உக்காந்து சூடு குடுத்து, கீழ எறக்கப் பாருங்க.

தலைவழியாத்தான் பாதிச் சூடு போகுதுன்னு ஒங்கம்மா சொல்லுவா. அது கட்டுக்கதை. தலைக்குப் பத்துல ஒரு பங்குதான் கணக்கு. ஆனா காது மூடுற குல்லாவப் போட்டுட்டு வா, ஒங்கம்மா நிம்மதியாத் தூங்கட்டும். அட்டைக்கு சவுக்காரத்தக் கால்ல தேச்சுக்க. அது ஒண்ணும் பெரிய விஷயமில்ல, கொஞ்ச ரத்தம்தான்.

இம்புட்டும் வாங்கக் கொழும்புக் கண்ணாடிக் கடைக்குப் போகாத. நுவரெலியா டவுன்ல எறங்கி பேல் பஜாருக்குப் போ. குளிர் நாட்டுக்கு அனுப்புற ஜாக்கெட்ட இந்த நாட்டுப் புள்ளைங்கதான் மெசின்ல தைக்குதுங்க. ஒரு தையல் கோணலாப் போச்சுன்னு கழிச்சது அங்க தொங்கும். முதுகுல என்ன பேரு எழுதியிருக்குன்னு பாக்காத, உள்பக்கத்தத் திருப்பிப் பாரு. தையல் மேல டேப் ஒட்டியிருந்தா மழைக்கு நிக்கும், ஒட்டலன்னா ஊசி போன ஓட்டை வழியாவே தண்ணி வந்துரும். துணியில வாய வச்சு ஊது. அந்தப் பக்கம் கையில காத்து பட்டா அது வெறும் அலங்காரம். தண்ணிப் போத்தலத் தொறந்து ரெண்டு சொட்டு விடு, உருண்டு ஓடுதா, ஊறுதான்னு பாரு. கடக்காரன் மொறைப்பான். மொறைக்காதவன்கிட்ட வெல பேசாத. உள்ள ஒரு ஜம்பர் போட்டுக்கிட்டே அளவு பாரு, இறுக்கிப் புடிச்சா காத்து நிக்க எடமிருக்காது. பொத்தான் வச்சது வேணாம், வெரல் மரத்துப் போனா பொத்தான் போட வராது. பெரிய ஜிப்பு வச்சதா எடு.

எடுக்குறதுதான் எடுக்குற, மூணா எடு, வெல கொறைப்பான். ஒங்கத்தைக்கு நடுத்தர அளவு. எனக்கு நெஞ்சு நாப்பத்திரெண்டு, வயிறு அதுக்கு மேல, கறுப்பு நெறம்.