கண்ணளவு மாஸ்டர் வாழ்க

காஞ்சிபுரத்தில் அளவு பார்ப்பவர்களுக்குப் பஞ்சமே கிடையாது. பிள்ளையார்பாளையத்தில் தறியில் உட்கார்ந்திருப்பவர், உடலும் கரையும் சேருகிற கோர்வையில் ஓர் இழை பிசகினாலும் நிறுத்திவிடுவார். காந்தி ரோட்டுப் பட்டுக்கடைக்கு வரும் பாட்டிமார் ஜரிகையை உரசிப் பார்க்காமல் பணத்தை எடுக்க மாட்டார்கள். குமரக்கோட்டத்தில் கச்சியப்பர் கந்தபுராணத்தை அரங்கேற்றியபோது, முதலிலேயே வந்த ஒரு சொற்சேர்க்கைக்கு இலக்கணத்தில் இடம் உண்டா என்று கேட்டு அரங்கேற்றத்தையே நிறுத்தினார்களாம். வீரசோழியத்தைக் கொண்டுவந்து விதியைக் காட்டிய பிறகுதான் மேற்கொண்டு நடந்தது என்பது ஊர்க்கதை. இப்படி எதற்கெடுத்தாலும் 'பொருந்துமா, பொருந்துமா' என்று குடைகிற ஊரில், அந்தக் கவலையிலிருந்து நமக்கு விடுதலை வாங்கித் தந்தவர் அலாய் வீல் மாஸ்டர்தான்.

கடையின் பெயரைச் சொல்ல மாட்டேன். எழுத்தில் எதுவும் பதிவாவது அவருக்குப் பிடிக்காது. பில் புத்தகம்கூட வைத்துக்கொள்வதில்லை, அத்தனை அடக்கம்.

அப்பா ஓட்டிய மாருதி 800-ஐ ஒரு தம்பி அவரிடம் கொண்டுவருகிறான் என்று வையுங்கள். 1983 டிசம்பரில் முதல் சாவி கொடுக்கப்பட்டு 2014 ஜனவரியில் உற்பத்தி நின்றுபோன வண்டி. 12 அங்குல இரும்பு ரிம், 145/70 டயர். தம்பிக்கு 14 அங்குல அலாய் மேல் ஆசை. "செட் ஆகுமாண்ணே?" என்கிறான். மாஸ்டர் வண்டியைப் பார்க்கிறார். முன்பக்கம்கூட வர வேண்டியதில்லை, டீ குடித்துக்கொண்டே பின்பக்கத்திலிருந்து பார்க்கிறார். "எல்லாம் செட் ஆகிடும் தம்பி." உலகத்தில் வேறு எந்தப் பொறியாளருக்கு இந்த வேகம் உண்டு?

சாதாரண ஆட்கள் டேப் எடுத்து எதிரெதிர் ஓட்டைகளின் நடுவிலிருந்து நடுவுக்கு அளந்து பார்ப்பார்கள். அதைப் பி.சி.டி. என்பார்கள். மாருதி 800-க்கு அது 114.3 மி.மீ., அதாவது சரியாக நாலரை அங்குலம். இதே மாவட்டத்தின் இருங்காட்டுக்கோட்டையில் 1998 முதல் ஹூண்டாய் செய்து தள்ளிய சான்ட்ரோவுக்கு 100. இரண்டிலும் நாலு ஓட்டைதான். எனவே தள்ளி நின்று பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். மாஸ்டர் எப்போதும் தள்ளி நின்றுதான் பார்க்கிறார். ஒவ்வொரு ஸ்டட்டும் 7 மி.மீ. தள்ளிப்போகிறதே என்று யாராவது முனகினால், உருண்டை அரத்தை எடுத்து ஓட்டையை நீளவாக்கில் இழுத்துவிடுகிறார். ஓட்டை வட்டமாகத்தான் இருக்கவேண்டும் என்று எந்தச் சாத்திரத்தில் இருக்கிறது? நூறுக்கும் நூற்றுப்பதினாலேகாலுக்கும் சேர்த்து எட்டு ஓட்டை போட்ட வீலே கிடைக்கிறது என்பது அவருக்குத் தெரியும். ஆனால் அதில் கைத்திறனைக் காட்ட வாய்ப்பில்லை.

நட்டு விஷயத்திலும் அவர் சமரசவாதி. சுசூகி ஸ்டட்டின் மரை 12-க்கு 1.25, ஹூண்டாயுடையது 12-க்கு 1.5. கையால் இரண்டு சுற்றுக்கு மேல் ஏறாமல் மாறுபட்ட மரை முரண்டு பிடிக்கும்போது, காற்றுத் துப்பாக்கியால் 'டர்ர்ர்' என்று ஒரே அழுத்து. மரை வழிக்கு வந்துவிடும். ஸ்டட்டின் குறுக்களவுக்காவது, இங்கே 12 மி.மீ., நட்டு உள்ளே போயிருக்க வேண்டும், அதாவது கிட்டத்தட்ட பத்துச் சுற்று என்றெல்லாம் எண்ணிக்கொண்டு உட்காருகிறவர்கள் இருக்கிறார்கள். கூம்பு முகத்து நட்டைக் கூம்பு இருக்கையிலும் தட்டை முகத்து நட்டைத் தட்டை இருக்கையிலும்தான் போடவேண்டும் என்று சாதி பார்க்கிறவர்களும் இருக்கிறார்கள். மாஸ்டரிடம் எந்த வேற்றுமையும் கிடையாது. டப்பாவில் கை விட்டால் கைக்கு எது வருகிறதோ அதுவே அந்த வண்டிக்கு எழுதிவைத்த நட்டு.

நடு ஓட்டை ஹப்பைவிடப் பெரிதாக இருந்தால் வளையம் போட்டு நிரப்புவது வழக்கம். வளையம் இல்லாமல் வீல் நட்டுகளையே நம்பித் தொங்கும். வெள்ளைகேட் தாண்டி நெடுஞ்சாலையில் ஏறி 80-ஐத் தொட்டதும் ஸ்டியரிங் கையை உலுக்கும். தூக்கம் வராமல் ஓட்டுவதற்கு இதைவிடச் சிக்கனமான ஏற்பாடு வேறென்ன இருக்கிறது.

ஆனால் அவருடைய உச்சமான சாதனை ஆஃப்செட்டில்தான். ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து ஹப்பில் உட்காரும் முகம் எத்தனை மி.மீ. தள்ளியிருக்கிறது என்ற கணக்கு அது. வீலின் பின்பக்கம் 'ஈ.டி.' என்று போட்டு பக்கத்திலேயே எண்ணை வார்த்திருப்பார்கள். எண் குறைந்தால் வீல் வெளியே பிதுங்கும்; பேரிங்குக்குப் பாரம் கூடும். அதிகமானால் உள்ளே போய் ஸ்ட்ரட்டை உரசும். ரிம் அரை அங்குலம் அகலமானாலே, ஆஃப்செட் மாறாவிட்டால்கூட, இரு பக்கமும் 6 மி.மீ. சொச்சம் தின்னும். மாஸ்டர் இந்த எண்ணைப் படிப்பதில்லை. பின்பக்கத்தில் எழுதியதைப் படிப்பது நாகரிகம் அல்ல என்று நினைக்கிறாரோ என்னவோ. வீல் வெளியே வந்தால் "ஸ்டைலா இருக்கு". உள்ளே போனால் ஒரு ஸ்பேசர். இதற்குத் தனி விலை.

சோதனையே செய்யமாட்டார் என்று நினைத்துவிடாதீர்கள். செய்வார். வண்டி ஜாக்கியில் அந்தரத்தில் தொங்கும்போது சக்கரத்தைக் கையால் சுற்றிக் காட்டுவார். அது எங்கும் உரசாமல் பட்டுப்போலச் சுழலும். ஸ்பிரிங் முழுக்க நீண்டு சக்கரம் கீழே இறங்கி நிற்கிற அந்த நிலையில் மாட்டுவண்டிச் சக்கரத்தைப் போட்டாலும் சுழலும் என்பது வேறு விஷயம். தரையில் இறக்கி, நாலு பேரை ஏற்றி, ஸ்டியரிங்கை இடக்கோடி வரைக்கும் வலக்கோடி வரைக்கும் ஒடித்து, ஒரு வேகத்தடை மேல் மெதுவாக ஏற்றிப் பார்ப்பது என்று ஒரு முறை உண்டு. அதை அவர் வாடிக்கையாளரின் குடும்பத்துக்கே விட்டுவைத்திருக்கிறார். வைகாசி கருட சேவைக்கு அம்மா, அத்தை, குழந்தைகள் எல்லாரையும் ஏற்றிக்கொண்டு சின்னக் காஞ்சிபுரம் நெரிசலில் வண்டியை ஒடிக்கும்போது, மட்கார்டின் உள்விளிம்பு டயரின் தோளைச் சீவும் ஓசை எல்லார் காதிலும் விழும். "அது என்னடா சத்தம்?" என்று அத்தை கேட்பார். "புது டயரு, அப்படித்தான் இருக்கும் அத்தை" என்பான் தம்பி. இந்தப் பதிலும் மாஸ்டர் இலவசமாகக் கொடுத்தனுப்பியதுதான்.

கணக்கிலும் லாபம் உண்டு. 145/70 ஆர் 12 டயரின் மொத்தக் குறுக்களவு ஏறக்குறைய 508 மி.மீ. மாஸ்டர் போட்டுக்கொடுத்த 165/65 ஆர் 14-க்கு 570. மூல அளவிலிருந்து இரண்டு மூன்று சதவீதத்துக்குள் நிறுத்து என்பார்கள் கஞ்சர்கள். இவர் பன்னிரண்டு சதவீதம் வாரி வழங்கியிருக்கிறார். மீட்டரில் 80 காட்டும்போது வண்டி கிட்டத்தட்ட 90-ல் பறக்கும். அதே காசுக்குப் பத்து கிலோமீட்டர் வேகம் கூடுதல். நூறு கி.மீ. ஓடினால் மீட்டரில் 89-தான் ஏறும், விற்கிற அன்றைக்கு வண்டி இளமையாகத் தெரியும். பாவம், 800 சி.சி.கூட இல்லாத அந்த என்ஜின்தான் வெள்ளைகேட் பாலம் ஏறுகையில் இரண்டாவது கியரைக் கேட்டு அழுகிறது. அழட்டும், பழைய காலத்து என்ஜின், உழைத்துப் பழகியது.

உற்பத்தியாளரின் மூல வடிவத்துக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்று 2019 ஜனவரியில் உச்சநீதிமன்றம் சொன்னதை ஒருவர் அவரிடம் நினைவூட்டினார். "டெல்லியில சொன்னது காஞ்சிபுரத்துக்கு வந்து சேர நாளாகும் சார்" என்றாராம். இன்சூரன்ஸ்காரர் மட்டும் அதை எப்படியோ முன்கூட்டியே படித்துவிடுகிறார்.

போன வாரம் பழைய மகிந்திரா ஜீப் ஒன்று அவர் வாசலில் நின்றது. ஐந்து ஸ்டட். ஐந்தில் எதிரெதிரே ஓட்டை அமையாது. பக்கத்துப் பக்கத்து ஸ்டட்டின் நடுவை அளந்து 1.7-ஆல் பெருக்கினால்தான் பி.சி.டி. வரும். ஜீப்பில் 82 மி.மீ. வந்து, கணக்கு 139.7-ல், அதாவது ஐந்தரை அங்குலத்தில், போய் நிற்கும். வண்டிக்காரர் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். காகிதத்தில் பெருக்கி நீட்டினார். மாஸ்டர் அதை வாங்கி டீ கிளாஸுக்கு அடியில் வைத்துவிட்டு, நாலு ஓட்டை வீல் ஒன்றை உருட்டிக்கொண்டு வந்தார்.

"நாலு நட்டு போதும் சார். அஞ்சாவது சும்மா கம்பெனிக்காரன் விலை ஏத்தறதுக்குப் போட்டது."