மயிரில் இருக்கிறது முகவரி

கேள்வி: கிணற்றில் நுளம்புக் குடம்பி அள்ளுபவர்கள் அதன் மயிரைப் பார்த்தே இனம் சொல்வார்களாமே, உண்மையா? – வாசகி, பாலையூற்று

பதில்: உண்மைதான். குடம்பியின் நிறத்தை நம்ப முடியாது. தண்ணீருக்கும் தீனிக்கும் ஏற்ப மாறும். மயிர் முளைக்கும் இடமும் கிளைக்கும் விதமும் அப்படி எளிதில் மாறுவதில்லை. அதனால் ஒவ்வொரு மயிருக்கும் எண் கொடுத்து வைத்திருக்கிறார்கள்.

மலேரியா பரப்பும் அனோபிலிஸ் நுளம்பின் குடம்பியை நுணுக்குக்காட்டியில் பாருங்கள். வயிற்றுக் கண்டங்களின் மேல் குட்டிப் பனையோலை விசிறிகளாக மயிர்க்கொத்துகள் தெரியும். குடம்பி நீர்மட்டத்தோடு கிடையாகப் படுத்திருக்க அவை உதவுகின்றன. தலையின் முன்விளிம்பில் உள்ள நடு மயிர்கள் இரண்டும் நெருங்கி நின்றால் ஒரு கூட்டம், விலகி நின்றால் 'செல்லியா' என்னும் கூட்டம். இலங்கையை மலேரியாவால் வாட்டிய குலிசிபேசிஸ் நுளம்பு விலகி நிற்கும் கூட்டத்தைச் சேர்ந்தது.



2016 செப்டெம்பரில் இலங்கை மலேரியா அற்ற நாடெனச் சான்று பெற்றது. சில மாதங்களுக்குள்ளேயே, இந்திய நகரங்களில் மலேரியா பரப்பும் ஸ்டீபென்சி நுளம்பு மன்னார்க் கிணறுகளில் அகப்பட்டது. அதுவும் செல்லியாதான். வெளிநாட்டில் தொற்றிய மலேரியாக் காய்ச்சலோடு ஆட்கள் இன்னும் வந்து இறங்குகிறார்கள்; அவர்களைக் கடிக்கும் நுளம்பு நோயை மீண்டும் பரப்பிவிடலாம். ஆகவே குடம்பி அள்ள அகப்பையோடு வருபவருக்குக் கிணற்றடியைத் தாராளமாகக் காட்டுங்கள்.