மந்தர ஸட்ஜமத்தில் ஒரு மிட்ஜெட்

கண்டியில் ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவருக்கு வேகமானியால் பெரிய பயன் கிடையாது. பள்ளிக்கூடம் விடும் நேரம் வாவியைச் சுற்றி வந்து பாருங்கள். ஊசி பத்தைத் தாண்டினால் அதிர்ஷ்டம். அந்தக் காரில் உயிரோடு ஆடுவது ஒரே ஊசிதான்: என்ஜின் நிமிடத்துக்கு எத்தனை சுற்றுச் சுற்றுகிறது என்று காட்டும் ஆர்.பி.எம். மீற்றர். நின்ற இடத்திலேயே ஆக்சிலரேட்டரை மிதித்து, அது எழும்புவதைப் பார்த்து மனதைத் தேற்றிக்கொள்ளலாம். அதுவும் பொய் சொன்னால் மனிதன் எதை நம்புவது?

என் மச்சானுடையது 1971ஆம் ஆண்டு எம்.ஜி. மிட்ஜெட், 1275 சி.சி. அதன் என்ஜினும் நம் ஊர் மொறிஸ் மைனரின் என்ஜினும் ஒரே குடும்பம். ஆகவே வால்வுக்கும் வாஷருக்கும் கவலையில்லை. பஞ்சிகாவத்தையில் யாராவது ஒரு கடைக்காரர் தூசு தட்டி எடுத்துத் தருவார். ஆனால் மொறிஸ் மைனருக்கு ஆர்.பி.எம். மீற்றரே கிடையாது. டொக்டர்மாரும் தலைமையாசிரியர்மாரும் ஓட்டிய கார் அது. என்ஜின் எத்தனை சுற்றுச் சுற்றுகிறது என்று அவர்கள் ஏன் கேட்கப்போகிறார்கள்?

கார் அலறும். ஊசியோ நாலாயிரத்தில் சாந்தமாக நிற்கும். "பாத்தீங்களா அத்தான், நாலாயிரத்திலயே என்ன இழுவை!" என்று மச்சான் பூரித்துப்போவான். 1934இல் தொடங்கிய நுவரெலியா மஹகஸ்தொட்ட மலையேற்றப் போட்டிக்குப் பெயர் கொடுக்கும் யோசனை வேறு. கடுகண்ணாவை ஏற்றத்தில் பக்கத்து ஆசனத்தைப் பிடித்துக்கொண்டிருந்த எனக்கு, அது நாலாயிரத்துச் சத்தமாகப் படவில்லை. மீற்றரில் பிழை என்று நான்தான் வாயைத் திறந்தேன்.

உடனே வைத்தியர்கள் கூடிவிட்டார்கள். கட்டுகஸ்தோட்டை எலெக்ட்ரிக் பாஸ், "எர்த் பிழை, மாத்தயா" என்றார். நல்ல சந்தேகம்தான். ஹெட்லைட்டைப் போட்டதும் ஊசி துள்ளினால் முதலில் எர்த் வயரின் துருவைத்தான் பார்க்க வேண்டும். நம் மழைக்கு அது சகஜம். இங்கே ஊசி துள்ளவில்லை. பேராதனையில் இன்னொருவர் பொயின்ட், கொண்டென்சர் என்றார். அவை பழுதென்றால் ஊசி நடுங்கும், கூடவே என்ஜினும் இருமும். இருமவில்லை. ஆனாலும் மாற்றினார்கள். கொயில் மாறியது, பிளக் மாறியது. ரயில்வேயில் ஓய்வுபெற்ற அயலவர் சொன்னதற்காகப் பட்டரியும் மாறியது. கார் முன்னைவிட அருமையாக ஓடியது. மீற்றர் மட்டும் கொள்கை மாறவில்லை. கட்டுக்கலைப் பிள்ளையாருக்குத் தேங்காயும் உடைத்தாயிற்று.

கடைசியில் நோயைக் கண்டது மாமி. ஓய்வுபெற்ற சங்கீத ஆசிரியை. விறாந்தையில் வகுப்பு நடந்துகொண்டிருந்தபோது வாசலில் கார் உறுமியது. "ஏன்டா, உறுமுறதுதான் உறுமுற, ஒரு சுருதியில நின்டு உறுமேன்!"

அந்த ஏச்சில்தான் எனக்குப் பொறி தட்டியது. நாலு சிலிண்டர் என்ஜினில் ஒரு சுற்றுக்கு இரண்டு வெடிப்பு. நிமிடத்துக்கு 3,920 சுற்று என்றால் செக்கனுக்கு ஏறக்குறைய 131 வெடிப்பு. அது ஒரு கட்டைச் சுருதியின் மத்திய ஸ்தாயி ஸட்ஜமம். அதில் பாதி, 1,960 சுற்று, மந்தர ஸட்ஜமம்.

மாமி சுருதிப் பெட்டியை ஒரு கட்டையில் வைத்தார். மச்சான் மிதித்தான். "இன்னும் கொஞ்சம்... ஏறிட்டுது, இறக்கு... ஆ, பிடி!" மந்தர ஸட்ஜமம். மீற்றர் காட்டியது 1,300. மத்திய ஸட்ஜமத்துக்கு ஏற்றினால் 2,600. இரண்டு இடத்திலும் மூன்றில் இரண்டு பங்கு. பழுதான மீற்றர் இவ்வளவு ஒழுங்காகப் பிழை விடாது.

"ரெண்டுக்கு மூண்டா? அது ஸட்ஜமமும் பஞ்சமமுமல்லோ" என்றார் மாமி. என்ஜின் பஞ்சமத்தில் பாட, மீற்றர் ஸட்ஜமத்தைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறது.

மீற்றருக்கு என்ஜினைத் தெரியாது. கொயிலுக்குப் போகும் மின்சாரத் துடிப்பை எண்ணுவது மட்டுமே அதன் வேலை. ஆறு சிலிண்டர் என்றால் சுற்றுக்கு மூன்று துடிப்பு. எங்கள் மீற்றர் மூன்றால் வகுத்துக்கொண்டிருந்தது. ஸ்மித்ஸ் கம்பெனி நாலுக்கும் ஆறுக்கும் ஏறக்குறைய ஒரே முகத்தோடுதான் மீற்றர் செய்தது. எந்தக் காலத்திலோ எந்தக் கராஜிலோ மாறிவிட்டது. அதற்கு ஒரு நோயும் இல்லை. வேறு வீட்டுப் பிள்ளை, அவ்வளவுதான்.

அப்படியானால் மச்சான் பூரித்த அந்த நாலாயிரம் உண்மையில் ஆறாயிரம். கணக்கைச் சொன்னதும் அவன் முகம் வெளுத்தது. அதன்பிறகு மஹகஸ்தொட்டவைப் பற்றிப் பேச்சே இல்லை.

எங்கள் காரின் சொந்த மீற்றர் இப்போது ஏதோ ஓர் ஆறு சிலிண்டர்க் காரில் இருக்க வேண்டும். அங்கே அது இரண்டாயிரத்தை மூவாயிரம் என்று காட்டும். கண்டி, மாத்தளை, கேகாலைப் பக்கத்தில், என்ஜின் முனகும்போதே ஊசி சிவப்புக்கு ஓடுகிறதே என்று பயந்து பயந்து ஓட்டும் அன்பர் யாராவது இருந்தால், தயவுசெய்து பொயின்ட்டையும் கொண்டென்சரையும் மாற்றாதீர்கள். உங்கள் மீற்றர் எங்களிடம் பத்திரமாக இருக்கிறது. எங்களுடையதைக் கழற்றிக்கொண்டு வாருங்கள்.