டேலியா தாத்தாவின் பைல்

லெஸ்டர்,
அக்டோபர் கடைசி

அன்புள்ள அக்காவுக்கு,

குளிர் ஆரம்பித்துவிட்டது. இவருக்குச் சளி, எனக்குக் கஷாயம் போடும் வேலை.

பக்கத்து வீட்டு டேலியா தாத்தாவை விசாரித்திருந்தாய். சௌக்கியமாக இருக்கிறார். அவர் தோட்டத்தில் பிறப்புச் சான்றிதழ் இல்லாத செடியே கிடையாது. ஒவ்வொன்றுக்கும் ஓர் அட்டை: பெயர், எங்கே வாங்கியது, என்ன விலை, எப்போது நட்டது, முதல் பூ என்றைக்கு, என்றைக்குப் போய்ச் சேர்ந்தது. காலமான செடிகளுக்குப் பைலின் கடைசியில் தனிப் பிரிவு. பேரப்பிள்ளைகளின் பிறந்தநாளை மட்டும் மனைவியிடம் கேட்டுத் தெரிந்துகொள்வார்.

சிரிக்காதே, காரணம் இருக்கிறது. இங்கே உறைபனி விழுந்தால் ஒரே ராத்திரியில் டேலியா இலையெல்லாம் கறுத்துவிடும். தண்டை வெட்டி, கிழங்கைத் தோண்டி, உலர்த்தி, வசந்தம் வரும்வரை பனி படாத இடத்தில் வைக்க வேண்டும். தோண்டியபின் சிவப்புப் பூவின் கிழங்கும் மஞ்சள் பூவின் கிழங்கும் ஒரே சர்க்கரைவள்ளிக் கிழங்கு மாதிரிதான் இருக்கும். அதனால் கிழங்கில் ஒரு எண் கட்டியிருப்பார், அதே எண் அட்டையிலும். கண்ணாடி மாதிரி இருக்கும் பிளாஸ்டிக் பையில் முன்பக்கம் பூவின் போட்டோ, முதுகோடு முதுகாக அட்டை. பென்சிலில்தான் எழுதுவார்; தண்ணீர் பட்டாலும் ஊறாதாம்.

"வீட்டில் இருக்கும் அட்டைக்கு எதற்குப் பை?" என்று கேட்டேன். "நத்தை" என்றார். தோட்டத்துக் கொட்டகையில்தான் பைல் இருக்கிறது. இந்த ஊர் நத்தை காகிதம் தின்னும் அக்கா! தபால் பெட்டிக்குள் ஏறிப் போய்க் கடிதத்தை அரித்து வைக்கிற ஜாதி. இந்தக் கடிதம் ஓட்டையாக வந்தால் என்னைத் திட்டாதே.

பேசாமல் எல்லாவற்றையும் லேமினேட் பண்ணிவிடலாமே என்று நம் ஊர் யோசனையைச் சொன்னேன். ரேஷன் கார்டிலிருந்து ஜாதகம்வரை நாம் விட்டுவைத்தோமா? தாத்தா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அப்புறம் அது செத்த தேதியை எங்கே எழுதுவது?"

போன வாரம் பை வாங்கக் கூடப் போனேன். கடையில் நின்று ஒவ்வொன்றாக முகர்ந்து பார்க்கிறார், நம் அம்மா முலாம்பழம் வாங்கின தோரணையில். புது ரெயின்கோட் வாசனை வந்தால் பி.வி.சி.; நாளானால் அதிலிருந்து பசை கசிந்து போட்டோவைப் பிடித்துக்கொள்ளும். பாலிப்ரோப்பிலீன் என்றோ பாலியெஸ்டர் என்றோ போட்டிருந்தால்தான் கூடையில் விழும். சின்னச் சீட்டுகளுக்கு ஒன்பது பை உள்ள தாள் எடுத்தார். அது போக்கிமான் சீட்டு சேர்க்கிற பிள்ளைகளுக்கானது. பில் போடும் வரிசையில் பின்னால் நின்ற பையன் விடவில்லை.

"உங்ககிட்ட எது ரொம்ப அபூர்வம்?"

"பிஷப் ஆஃப் லாண்டாஃப். கார்டிஃபில் 1924ல் வந்தது. கறுத்த இலை, ரத்தச் சிவப்பில் பூ."

"அதோட வீக்னெஸ்?"

தாத்தா நிஜமாகவே யோசித்தார். "நத்தை" என்றார். பையனுக்குப் பரம திருப்தி.

பி.வி.சி. பற்றிக் கேட்டதும் உன் கல்யாண ஆல்பம் ஞாபகம் வந்தது. பசைத்தாள், மேலே பிளாஸ்டிக், நம் ஊர் ஈரக்காற்று. சித்தப்பாவின் மீசையில் பாதி பிளாஸ்டிக்கோடு உரிந்து வந்ததே. மிச்ச சொந்தக்காரர்களையாவது காப்பாற்று. முதலில் ஒவ்வொரு பக்கத்தையும் மொபைலில் படம் எடுத்துக்கொள். பிறகு மெல்லிய நூலைப் போட்டோவுக்கு அடியில் கொடுத்து, அறுக்கிற மாதிரி மெதுவாக இழு. வரவில்லையென்றால் மல்லுக்கட்டாமல் விட்டுவிடு. வந்ததை நல்ல பையில் போடு, ஈரக்கையோடு தொடாதே. அத்தானிடம் இந்த வேலையைக் கொடுக்காதே; அவர் பொறுமை ஊரறிந்தது.

என் ஜன்னலோரக் கறிவேப்பிலைக்கும் தாத்தா ஓர் அட்டை போட்டுக் கொடுத்திருக்கிறார். 'பூ' என்ற இடத்தில் இன்னும் கோடுதான். 'பயன்' என்ற இடத்தில் ரசம் என்று எழுதினேன். அது என்ன என்றார். ஒரு டம்ளர் கொடுத்தேன், நம் வீட்டுப் பக்குவத்தில், மிளகைக் குறைக்காமல். குடித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். பென்சிலை வாங்கி அன்றைய தேதியைப் போட்டு, பக்கத்தில் 'கடும் இருமல். மீண்டும் வேண்டும்' என்று எழுதிப் பைக்குள் செருகிவிட்டார்.

குழந்தைகளுக்கு ஆசி. பதில் போடு.

அன்புத் தங்கை