லோடு எப்படி?

விமான நிறுவன ஊழியர் விடுமுறைக்காக நெடுந்தூரப் பயணம் புறப்படுவது, பிறரைப் போலப் பயணச்சீட்டும் பெட்டியுமாக வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்புகிற காரியமன்று. மூன்று நாளுக்கு முன்பே தொடங்கி விமானக் கதவு அடைபடும் நொடிவரை நீளும் எண்கணிதத் தவம் அது. ஸ்டாண்ட்பை எனப்படும் இம்முறையில், காசு கொடுத்தவர்கள் எல்லாரும் போக இருக்கை மிஞ்சினால்தான் ஊழியருக்கு இடம். அவரால் நிறுவனத்துக்கு வருவாய் இல்லையாதலால், தொழில் வழக்கில் அவருக்கு 'நான்-ரெவ்' என்று பெயர். அமெரிக்காவின் பெரிய நிறுவனங்களில் ஊழியர் தம் சொந்த நிறுவனத்து விமானத்தில் ஏறக்குறைய இலவசமாகவே பறக்கலாம்; பிற நிறுவனத்து விமானமென்றால், தூரத்தை மண்டலங்களாகப் பிரித்து வகுத்த 'செட்' கட்டணம் என்னும் சிறு தொகை உண்டு. இந்த மலிவிலிருந்துதான் அவருடைய தீராத நோய் பிறக்கிறது.

லோடு பார்ப்பதே அந்நோய். ஒரு விமானத்தில் எத்தனை இருக்கை விற்றிருக்கிறது, எத்தனை மிச்சமிருக்கிறது என்ற நிலவரத்துக்கு லோடு என்று பெயர். சான் பிரான்சிஸ்கோவிலிருந்து சிங்கப்பூருக்கு, ஏறத்தாழ 13,600 கிலோமீட்டர், பதினாறு மணி நேரத்துக்கும் மேல் பறக்கும் யுனைட்டெட்டின் 787-9 விமானத்தில் 257 இருக்கைகள் என்றால், 241 விற்றுவிட்டது, 16 காலி, காத்திருப்போர் 19, அதில் தாம் 11 என்பதை இவர் காலையில் பல் துலக்கும்போதும், சாப்பிடும்போதும், இரவில் தண்ணீர் குடிக்க எழும்போதும் கைப்பேசியில் சரிபார்ப்பார். பதினாறில் பதினொன்று போதுமே என்று நினைப்பவர் இத்துறையை அறியாதவர். யுனைட்டெட், டெல்டா போன்றவற்றில் ஒரே தகுதியுடையோருக்குள் வரிசை வேலையில் சேர்ந்த தேதிப்படி அமைவதால், மூத்த ஊழியர் ஒருவர் கடைசி நேரத்தில் பெயர் கொடுத்தால் 11 என்பது 12 ஆகிவிடும். அவர் மனைவி மக்களோடு வந்தால் 15. இதற்கு மாறாக, செக்-இன் செய்த நேரப்படி வரிசை வைக்கும் அமெரிக்கன் நிறுவனத்து ஊழியரோ, புறப்பாட்டுக்குச் சரியாக 24 மணி நேரம் முன்பு கட்டைவிரலைத் திரைக்கு மேல் தூக்கி வைத்துக்கொண்டு மூச்சைப் பிடித்திருப்பார்.

இருக்கை காலியாக இருந்தாலும் கிடைக்காது என்பது இக்கணக்கின் அடுத்த நுட்பம். குளிர்காலத்தில் பசிபிக் பெருங்கடலின் மேல் மேற்கு நோக்கிப் பறக்கையில் எதிர்க்காற்று வலுத்தால் கூடுதல் எரிபொருள் ஏற்ற வேண்டியிருக்கும். அந்த எடையை ஈடுகட்ட, ஏற்றக்கூடிய ஆட்களையும் சரக்கையும் குறைப்பார்கள். ஆகவே இவர் காற்றின் வேகமும் பார்ப்பார். டென்வரில் பனிப்புயல் என்று செய்தி வந்தால் ஊரார் உச்சுக்கொட்டுவர். இவருக்கோ, அங்கிருந்து வந்து இணைப்பு விமானம் பிடிக்க வேண்டிய எட்டுப் பேர் தவறவிடக்கூடும் என்று உள்ளூரப் பால் வார்த்தாற்போல் இருக்கும். நல்லவர்தான், ஆனால் பிறர் வண்டியைத் தவறவிட வேண்டுமென்று சாமி கும்பிடும் நல்லவர்.

நுழைவாயிலுக்கு மேலுள்ள திரையில் காத்திருப்போரின் குடும்பப் பெயரில் மூன்றெழுத்தும் சொந்தப் பெயரின் தலையெழுத்தும் மட்டுமே தெரியும். அன்றைய பொழுதுக்கு அந்தத் தலையெழுத்துதான் அவருடைய தலையெழுத்து. பணியாளரை நச்சரிக்கக் கூடாது, சலித்துக்கொள்ளக் கூடாது, உடை கண்ணியமாக இருக்க வேண்டும் (2017 மார்ச்சில் டென்வரில் லெகிங்ஸ் அணிந்த இரு சிறுமியரை யுனைட்டெட் ஏற்ற மறுத்தது, அவர்கள் ஊழியர் சலுகையில் பயணம் செய்ய வந்திருந்தவர்கள் என்பதால்தான்). எனவே இவர் சலவைச் சட்டையோடு தூணோரம் நின்று, ஏறுகிற தலைகளை உதடசையாமல் எண்ணிக்கொண்டிருப்பார். காலடியில் ஒரே ஒரு கறுப்புக் கைப்பெட்டி. அதற்குள் மெல்லிய பருத்திச் சட்டைகளுக்கு அடியில் ஒரு கம்பளி மேலங்கி இருக்கும். சிங்கப்பூர் நிரம்பிவிட்டால் பிராங்க்பர்ட் போகலாமே.

கதவடைக்கப் பத்து நிமிடம் இருக்கையில் பெயர் கூப்பிடப்பட்டுவிட்டால், கடைசி வரிசையில், கழிவறையை ஒட்டி, இரு பெரிய உடம்புகளுக்கு நடுவே கிடைத்த இருக்கையில் மாமனார் வீட்டுக்கு வந்த மாப்பிள்ளையைப் போல முகம் மலர உட்கார்ந்து, பதினாறு மணி நேரமும் ஒரு குறை சொல்லாமல் வருவார். இதில் அவரை நேசிக்காதிருக்க முடியாது.

ஆனால் மறுமுனையில் காத்திருப்பவருக்கு இந்த நேசம் கட்டுப்படியாவதில்லை. "அண்ணே, வர்றீங்களா, இல்லையா?" என்று சிங்கப்பூரிலுள்ள தங்கை கேட்டால், "16 காலி, 19 பேரு, நான் 11" என்று பதில் வரும்; இதை வைத்துக்கொண்டு எத்தனை பேருக்கு உலை வைப்பது என்று எந்த நிறுவனமும் சொல்லித் தருவதில்லை. வியாழக்கிழமை வாங்கிய வஞ்சிரம் சனிக்கிழமைவரை ஐஸ்பெட்டியில் கிடக்கும். சாங்கி விமான நிலையத்துக்குக் கிளம்பத் தங்கை கணவர் மூன்று முறை அலுவலகத்தில் அனுமதி கேட்டு மூன்று முறை ரத்து செய்வார். இவர் மிச்சப்படுத்திய பணத்தைத் தவணை தவணையாகக் கட்டுபவர்கள் இவர்கள்தாம் என்பதையும், சம்பளம் வாங்கும் ஒரு மனிதர் தங்கை மகள் கல்யாணத்துக்காவது ஒரு முறை முழு விலைக்குச் சீட்டு வாங்கலாம் என்பதையும் யாராவது அவரிடம் சொல்லத்தான் வேண்டும்.

சொன்னாலும் கேட்க மாட்டார். வந்து இறங்கிய மறுகணமே திரும்பும் விமானத்தின் லோடு பார்க்கத் தொடங்கியிருப்பார். கல்யாணம் ஞாயிறு காலை. ஞாயிறு இரவு விமானத்தில் முந்தாநாள் 31 காலியாக இருந்தது, நேற்று 12, இப்போது 3. ஆகவே நலங்கு முடிந்த கையோடு, மணமகள் கையில் மொய்யைத் திணித்துவிட்டு, சனிக்கிழமையே கறுப்புப் பெட்டியை உருட்டிக்கொண்டு சாங்கிக்குப் போய்விடுவார். மறுநாள் சிராங்கூன் சாலைக் கோயில் மண்டபத்து முதற் பந்தியில் தாய்மாமனுக்கென்று விரித்த இலை சற்று நேரம் ஆளின்றிக் கிடக்கும். அடுத்த பந்திக்காக நாற்காலிக்குப் பின்னால் நின்றிருந்த ஒருவர் இருபுறமும் பார்த்துவிட்டு அதில் உட்காருவார்.