முக்கால் நொடிச் சொச்சம்

1796-ல் கிரீனிச் வானாய்வகத்தில் ஓர் உதவியாளரின் சீட்டைக் கிழித்தார்கள். பெயர் டேவிட் கின்னப்ரூக். திருடவில்லை, தூங்கவில்லை, தொலைநோக்கியைப் போட்டு உடைக்கவுமில்லை. நட்சத்திரம் தொலைநோக்கிக்குள் உள்ள கம்பியைக் கடக்கும் நேரத்தை, மேலதிகாரி குறிப்பதைவிட 0.8 நொடி தள்ளிக் குறித்தார். அவ்வளவுதான்.

மேலதிகாரி லேசுப்பட்டவர் இல்லை. நெவில் மாஸ்கலின், அரசரின் வானியலாளர், பாதிரியார் வேறு. 1795 ஆகஸ்டில் அரை நொடியாக இருந்த வித்தியாசம் அடுத்த ஜனவரியில் 0.8 ஆகிவிட்டது. ஆள் உழைப்பாளிதான், ஆனால் ஏதோ கோணல்மாணலான சொந்த முறைக்குப் போய்விட்டார் என்று மாஸ்கலின் அச்சிலேயே வருத்தப்பட்டார். தன் கண்மேல் மட்டும் அவருக்குச் சந்தேகமே வரவில்லை.

வேலையைக் கேளுங்கள். கடிகாரத்தில் நொடியைப் பார்த்துவிட்டுக் கண்ணைத் தொலைநோக்கியில் வைக்கவேண்டும். காது 'டிக், டிக்' என்று எண்ணிக்கொண்டே இருக்கும். கண் நட்சத்திரத்தைத் துரத்தும். ஒரு டிக்கில் அது கம்பிக்கு இந்தப் பக்கம் எங்கே நின்றது, அடுத்த டிக்கில் அந்தப் பக்கம் எங்கே நின்றது, இரண்டையும் மனதில் பிடித்து, நடுவே உள்ள தூரத்தைப் பத்தாகக் கூறுபோட்டு, கம்பியைத் தொட்ட நொடியைச் சொல்லவேண்டும். அதுவும் நடுராத்திரியில்.

மூளைக்கோ ஒலியும் ஒளியும் ஒரே வேகத்தில் வந்து சேர்வதில்லை. ஒளியை நரம்புச் சைகையாக மாற்ற விழித்திரைக்குக் கூடுதல் நேரம் பிடிக்கும். கவனம் எந்தப் பக்கம் சாய்கிறதோ, அது முந்தி நடந்ததுபோலத் தோன்றும். போதாக்குறைக்கு, 'கடந்துவிட்டது' என்று முடிவுகட்டப் போதிய சாட்சி சேரும்வரை மூளை காத்திருக்கும். எவ்வளவு சேர்ந்தால் போதும் என்பது ஆளுக்கு ஆள் வேறு. ஒருவருக்கு அவசர மூளை, இன்னொருவருக்கு நிதான மூளை. எது சரி என்று சொல்ல மூன்றாவது ஆளும் இல்லை. ஆகவே, யாருக்குப் பதவி பெரிதோ அவருடைய மூளையே சரியான நேரம் காட்டியது.

கின்னப்ரூக் 1802-ல் இறந்துபோனார். பிற்பாடு இந்தக் கதையைப் படித்த கோனிக்ஸ்பெர்க் வானியலாளர் பெசலுக்கு, வேலைநீக்கத்தைவிட வித்தியாசம்தான் உறுத்தியது. 1820-21 குளிர்காலத்தில் வால்பெக் என்ற வானியலாளரோடு சேர்ந்து, ஒரே நட்சத்திரங்களைப் பார்த்து ஒப்பிட்டார். பெசல் முந்தி, வால்பெக் பிந்தி. இடைவெளி 1.041 நொடி! கின்னப்ரூக்கே தேவலை. ஆனால் வால்பெக் விருந்தாளி. விருந்தாளியை வேலையைவிட்டுத் தூக்கமுடியாது. வேறு வழியில்லாமல் வானியலாளர்கள் அந்த இடைவெளிக்குத் 'தனிநபர் சமன்பாடு' என்று மரியாதையான பெயர் சூட்டி, கணக்கில் கூட்டிக் கழித்துக்கொண்டார்கள்.