ப்ளக் பாயிண்ட் எங்க மாப்ள?

கரண்ட் காரு வாங்கப் போறீங்கன்னு பேத்தி போன்ல சொல்லுச்சு மாப்ள. ரொம்ப சந்தோசம். பெட்ரோல் பங்குல காத்துக் காத்து உங்களுக்கு கால் நோவுதுன்னும் சொல்லுச்சு. கார்ல உக்காந்தே காத்திருக்கிறவருக்கு கால் எப்படி நோவும்னு நான் கேக்கல. மாப்பிள்ளைய கேள்வி கேக்கிறது எங்க வழக்கம் இல்ல. புத்தி சொல்றது மட்டுந்தான் வழக்கம்.

உங்க ஆபீஸ் பசங்க கரண்ட் வண்டிய நேத்துதான் அமெரிக்காவுல கண்டுபுடிச்சதா பேசுவானுங்க. தாம்பரத்துக்கு கரண்ட் வண்டி வந்து தொண்ணூறு வருசத்துக்கு மேல ஆவுது. 1931 மே மாசம் பீச்சுல இருந்து தாம்பரத்துக்கு மீட்டர் கேஜ்ல கரண்ட் ரயில் உட்டான் வெள்ளைக்காரன். அதுக்கும் முன்னால 1895லயே மெட்ராஸ் டவுனுக்குள்ள கரண்ட் டிராம் ஓடுச்சு. 1953ல நட்டம்னு மூடிட்டானுங்க. எங்க நைனா ரெண்டுலயும் போயிருக்கார். போன காலத்துல ஒருத்தனும் அந்த வண்டிங்களுக்கு ரேஞ்சு எவ்ளோன்னு கேட்டதில்ல. தலைக்கு மேல கம்பி போவும், வண்டி அதுபாட்டுக்கு இழுத்துக்கும். நீங்க கம்பிய வூட்டு சுவத்துலயே உட்டுட்டு பேட்டரிய மட்டும் எடுத்துகினு கெளம்பப் போறீங்க. அதனால ஷோரூமுக்குப் போவாதீங்க. மொதல்ல உங்க கார் பார்க்கிங்குக்குப் போங்க. அங்க ப்ளக் பாயிண்ட் எங்க இருக்குது, சொல்லுங்க பார்ப்போம்?

தெரியாது. தெரியும், உங்களுக்குத் தெரியாதுன்னு.

சேலையூர் கேம்ப் ரோடு பக்கம் லோன் போட்டு வாங்கியிருக்கிற ஃப்ளாட்டுல காரு கீழ நிக்குது, நீங்க மூணாவது மாடில இருக்கீங்க. பால்கனில இருந்து ஒயர தொங்க உட்டுக்கலாம்னு நெனைச்சிருந்தா அந்த நெனப்ப இப்பவே சுருட்டி வெச்சிடுங்க. கீழ மீட்டர் போர்டு இருக்குது பாருங்க, அங்க உங்க மீட்டர்ல இருந்து தனியா ஒரு லைன் இழுக்கணும். கனமான ஒயரு, தனி எம்.சி.பி., 15 ஆம்ப் ப்ளக்கு. எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் ஆவாது. ராத்திரி பூரா ஏழெட்டு மணி நேரம் மூணு கிலோவாட் இழுக்கிற சமாச்சாரம் அது. அஞ்சு நிமிசம் இஸ்திரி போடுற ப்ளக்குல சொருகினீங்கன்னா காலைல காரு சார்ஜ் ஆயிருக்காது, ப்ளக்கு உருகியிருக்கும்.

எர்த்து முக்கியம். பில்டர் எர்த் போட்டிருப்பான்னு நீங்க நம்புவீங்க; நீங்க நல்லவரு. சார்ஜர் நம்பாது. எர்த் சரியில்லைன்னா சிவப்பு லைட்ட காட்டிகினு ஒரு யூனிட்டு கூட உள்ள உடாது. எர்த் குழி எங்க இருக்குதுன்னு தேடி, உப்பும் கரியும் போட்டு தண்ணி ஊத்தச் சொல்லுங்க. எஞ்சினீரிங் படிச்சவருக்கு இத ஒரு கெழவன் சொல்ல வேண்டியிருக்குது, காலம்.

அப்புறம் அசோசியேஷன். செகரட்டரி சார் மூக்குக் கண்ணாடிய கழட்டிட்டு "தீப்புடிச்சா யாரு பொறுப்பு"ன்னு கேப்பார். அவர் கேக்கிறதுல தப்பே இல்ல. அதே எடத்துல முப்பது காரு டேங்க் நெறைய பெட்ரோலோட நிக்குதே, அதுக்கு யாரு பொறுப்புன்னு நீங்க திருப்பிக் கேட்டுடாதீங்க. நியாயம் பேசுறவனுக்கு அசோசியேஷன்ல லைன் கெடைக்காது. அவர் வூட்டு விசேஷத்துல மொதப் பந்தில உக்காந்து சாப்புட்டு, பாயசம் அபாரம்னு சொல்லிட்டு, மறுநாள் லெட்டர் குடுங்க. அதுவரைக்கும் வாட்ச்மேன் ரூம் ப்ளக்குல சொருகிக்கலாம்னு ஒரு ஆசை வரும். அது காமன் மீட்டர் மாப்ள. நாப்பது வூட்டுக்காரன் காசுல ஒருத்தர் மட்டும் சோழிங்கநல்லூர் போனார்னா, அடுத்த மீட்டிங்ல அவர் பேருதான் முதல் பொருள்.

இப்ப கரண்ட் பில்லு. ஷோரூம்காரன் "கிலோமீட்டருக்கு ஒரு ரூபா சார்"னு சொல்லுவான். பொய் சொல்லல. ஆனா அவனுக்கு உங்க வூட்டு ஏ.சி. பத்தித் தெரியாது. நம்ம இ.பி. ரெண்டு மாசத்துக்கு ஒருக்கா கணக்கெடுக்குது. மொத 100 யூனிட் ஓசி, அதுக்கு மேல படிப்படியா ஏறும். 500 யூனிட்ட தாண்டுனா கீழ இருக்கிற படியோட சலுகையும் போயிடும். 501வது யூனிட் ஒண்ணே ஒண்ணுக்கு 250 ரூபாய்க்குக் கிட்ட அழுவணும். உங்க வூட்டுல ரெண்டு மாசத்துக்கு 700 யூனிட் ஓடுதுன்னு பேத்தி சொல்லுச்சு. மே மாசத்துலயும் போர்வைய போத்திகினு தூங்குறவங்களுக்கு அது நியாயமான கணக்குதான். மாசம் ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டுறீங்க, யூனிட்டுக்கு ஏழு கிலோமீட்டர்னு வையுங்க. ரெண்டு மாசத்துக்கு 285 யூனிட் ஏறும். 3,900 ரூபா கட்டினவரு 6,800 சொச்சம் கட்டணும். அதாவது யூனிட்டு பத்து ரூபாய தாண்டியாச்சு. ஏ.சி. இன்னும் கொஞ்சம் கூட ஓடுச்சுன்னா 1,000 யூனிட் எல்லைய தாண்டிடுவீங்க, அதுக்கு மேல ஒவ்வொரு யூனிட்டும் 11 ரூபா 80 காசு.

மூஞ்சிய தொங்கப் போடாதீங்க. அப்பவும் கிலோமீட்டருக்கு ஒண்ணரை ரூபாதான். லிட்டர் நூறு ரூபா தாண்டின பெட்ரோல்ல, நம்ம ஊரு ட்ராபிக்ல 15 கிலோமீட்டர் குடுக்கிற காரு ஆறரை ரூபாய்க்கு மேல தின்னும். ரெண்டு மாசத்துக்கு பத்தாயிரம் மிச்சம். அந்த பத்தாயிரத்த பேத்திகிட்ட காட்டிட்டு அப்புறம் பாக்கெட்ல வையுங்க. இல்லைன்னா அது காட்டாமலே எடுத்துக்கும்.

எந்தக் காருன்னு கேட்டீங்க. டாடா டியாகோ 2022 செப்டம்பர்ல 8 லட்சத்து 49 ஆயிரம்னு ஆரம்பிச்சான். எம்.ஜி. காமெட் 2023ல 7 லட்சத்து 98 ஆயிரம். சுத்திப் பாருங்க, மறைமலை நகர்ல ஃபோர்டு கட்டுனான், இருங்காட்டுக்கோட்டைல ஹூண்டாய் 1998ல இருந்து காரு செய்யறான். இந்தியாவுக்கே காரு செய்யற ஊருன்னு நம்மள சொல்றாங்க. ஆனா இந்த ரெண்டு மலிவு கரண்ட் காரும் குஜராத்துல இருந்து லாரில ஏறி வருது. சரி, நம்ம ஊர்ல ஆவுறதெல்லாம் நம்மளுக்கா ஆவுது?

காமெட் சின்ன வண்டி, சந்துல பூந்து வரும், நிறுத்த எடம் தேட வேணாம். ரெண்டே கதவு. வாங்குறதுக்கு முன்னாடி உங்க மாமியார பின் சீட்டுல ஏத்தி எறக்கிப் பாருங்க. அவங்களால ஏற முடியலைன்னா அந்தக் காரு வேணாம். ஏற முடியலைன்னு தெரிஞ்சதும் நீங்க அதையே அட்வான்ஸ் குடுத்து புக் பண்ணிடுவீங்களோன்னுதான் எனக்கு பயம். உங்க மாமியா என் பொண்ணு, ஞாபகம் இருக்கட்டும்.

பேட்டரிய வாடகைக்கு எடுத்துக்கலாம்னு 2024ல எம்.ஜி.காரன் ஒரு வழி கொண்டாந்தான். அப்போ காமெட்டு 4 லட்சத்து 99 ஆயிரம், பேட்டரிக்கு கிலோமீட்டருக்கு ரெண்டரை ரூபா. வூட்ட வாங்கிட்டு மனைக்கு வாடகை கட்டுறதுல ஒண்ணும் குத்தம் இல்ல. பத்திரத்த மட்டும் படிங்க. மாசத்துக்குக் கொறைஞ்சது இத்தனை கிலோமீட்டர்னு எழுதியிருந்தா, காரு வூட்டுல தூங்கினாலும் வாடகை தூங்காது.

ரேஞ்சு? கம்பெனிக்காரன் சொல்ற ரேஞ்சு, நீங்க பொண்ணு பார்க்க வந்தப்ப சொன்ன சம்பளம் மாதிரி மாப்ள. சி.டி.சி. ஒண்ணு, கைக்கு வர்றது ஒண்ணு. சின்ன பேட்டரி டியாகோவுக்கு 19.2 யூனிட் புடிக்கும். 250 கிலோமீட்டர்னு போட்டான். சோதனைக் கூடத்துல ஏ.சி. போடாம, எருமை குறுக்க வராம ஓட்டினது அது. நீங்க 150ன்னு மனசுல வெச்சுக்கோங்க. தெனமும் போவ வர 35 கிலோமீட்டர் ஓட்டுறவருக்கு 150 என்ன, நாலு நாளைக்கு வரும். பொண்ணையும் அந்தக் கைக்கு வர்ற சம்பளத்துக்குத்தான் குடுத்தோம், நல்லாத்தானே போவுது.

இந்த வண்டிக்குன்னே செஞ்ச ரோடு நம்ம தாம்பரம் வேளச்சேரி ரோடு. மேடவாக்கம் கூட்டு ரோட்டுல நின்னுகினு இருக்கும்போது பெட்ரோல் வண்டி எண்ணெய் குடிச்சுகினே நிக்கும்; இது ஏ.சி.க்கு மட்டும் கொஞ்சம் எடுத்துக்கும். ஊர்ந்து போவும்போது கால எடுத்தா சக்கரம் சுத்துறதுல இருந்து கொஞ்சம் கரண்ட் பேட்டரிக்கே திரும்பும். பெருங்களத்தூர் தாண்டி ஜி.எஸ்.டி. ரோட்டுல நூறுல வெரட்டினா பேட்டரி கண்ணெதிர்ல எறங்கும். ட்ராபிக் ஜாம்ல லாபம் பாக்கிற ஆளு இனிமே ஊர்ல ரெண்டே பேரு: வேர்க்கடலை விக்கிறவன், நீங்க. ஆனா சத்தம் வராத வண்டி. ரோட்டுல படுத்திருக்கிற நாய் எந்திரிக்காது, என்ன மாதிரி காது மந்தமான கெழவன் ஒதுங்க மாட்டான். ஹாரன கொஞ்சம் அடிங்க, கௌரவம் பாக்காதீங்க.

தீவாளிக்கு உங்க ஊரு திருச்சிக்கு டியாகோவுல போவணும்னா வழில ரெண்டு மூணு தடவ நின்னு வேகமா போடுற டி.சி. சார்ஜர்ல ஏத்திக்கணும். வூட்டு வெலைய விட ரெண்டு மூணு பங்கு. பரனூர் டோல்கேட்ட தாண்டினவங்க எல்லாரும் அதே சார்ஜர் முன்னால நிப்பாங்க. அந்த நாலு நாளைக்கு தாம்பரத்துல ரயில் ஏறிடுங்க. அதுவும் கரண்ட் வண்டிதான், சார்ஜ் போட வேணாம்.

மழைக்கு வர்றேன். 2015 டிசம்பர்ல முடிச்சூர்ல படகு உட்டாங்க. 2023ல மிக்ஜாம் புயலுக்கு பள்ளிக்கரணைப் பக்கம் காரெல்லாம் மெதந்துச்சு, பல எடத்துல நாள் கணக்குல கரண்ட் இல்ல. அதனால புயல்னு டிவில சொன்ன அன்னிக்கே முழுசா ஏத்திடுங்க. பேட்டரிக்கு ஐபி 67னு ஒரு தரம் குடுத்திருப்பான்: ஒரு மீட்டர் தண்ணில அரை மணி நேரம் தாங்கும். நம்ம ஏரித் தண்ணி அரை மணில வடிஞ்ச சரித்திரம் இருக்குதா? தண்ணி பார்க்கிங்ல நின்னுச்சுன்னா, வடிஞ்ச பெறவும் ஸ்டார்ட் பண்ணாதீங்க, சார்ஜ் போடாதீங்க. கம்பெனிக்கு போன் போட்டு தூக்கிட்டுப் போவச் சொல்லுங்க. 2024 அக்டோபர்ல மழைன்னு கேட்டதும் வேளச்சேரி மேம்பாலத்து மேல வரிசையா காருங்கள ஏத்தினாங்களே, நீங்களும் போவீங்க. போங்க, ஆனா அங்க ப்ளக் பாயிண்ட் கெடையாது. முழுசா ஏத்திட்டுப் போங்க.

சில்லறை விசயம் இன்னும் கொஞ்சம். ஜி.எஸ்.டி. 5 சதவீதந்தான், ரோடு வரி தமிழ்நாட்டுல இந்த வண்டிக்குத் தள்ளுபடி, அந்தச் சலுகைக்கு கெடு தேதி உண்டு, கேட்டுட்டு புக் பண்ணுங்க. பேட்டரிக்கு டாடாக்காரன் 8 வருசம், 1,60,000 கிலோமீட்டர் வாரண்டி குடுக்கிறான். டிக்கிய தொறந்து ஸ்டெப்னி இருக்குதான்னு பாருங்க. சில வண்டிக்கு ஸ்டெப்னிக்கு பதிலா ஒரு டப்பா மருந்தும் காத்தடிக்கிற மெஷினும் வெச்சு அனுப்பிடறான். பெரிய பேட்டரில சார்ஜ் நெறைய இருந்தாலும் உள்ள ஒரு சின்ன 12 வோல்ட் பேட்டரி இருக்கும், அது படுத்துச்சுன்னா காரு கண்ணையே தொறக்காது. எஞ்சின் ஆயில் மாத்த வேணாம், ஆயில் ஃபில்டர் வேணாம். இரும்புலியூர் மெக்கானிக் உங்கள பாத்தா சிரிக்க மாட்டான், தாங்கிக்கோங்க.

இவ்ளோ சொல்லிட்டு உங்கள அசோசியேஷன்கிட்ட உட்டுட்டா நான் மனுசனா? மாடம்பாக்கத்துல நம்ம வூட்டுல தனி எடம் இருக்குது, எர்த் குழிக்கு நானே கெழம தவறாம தண்ணி ஊத்துறேன். கெழவனும் கெழவியும் ரெண்டு ஃபேன், ஒரு டிவி. ஓசி 100 யூனிட்ட தாண்டறதே அதிசயம். ஒரு 15 ஆம்ப் ப்ளக்கும் சப் மீட்டரும் போட்டாச்சு. ராத்திரி கொண்டாந்து உடுங்க, காலைல எடுத்துக்கோங்க. யூனிட்டு 12 ரூபா. சொந்தமாச்சேன்னு 20 காசு கொறைச்சுக்கிறேன், 11 ரூபா 80 காசு, இ.பி.காரன் கேக்கிறதுதான், அதுக்கு மேல ஒரு பைசா வேணாம்.

இன்னா, கைல போன எடுத்து கணக்குப் போடறீங்க? அது அதிகமா தெரிஞ்சா இன்னொரு வழி இருக்குது. மொட்டை மாடி சும்மாதான் காயுது. மூணு கிலோவாட் சோலார் போட்டுடுங்க. செலவு உங்களுது, வெய்யில் என்னுது. 78,000 ரூபா மானியம் தர்றாங்க. மீட்டர் என் பேர்ல இருக்குறதால அது என் பேங்க் கணக்குக்குத்தான் வருமாம். சட்டம் அப்படி மாப்ள, நான் இன்னா பண்றது?